ட்ரையர் வாயில் நிற்பவருக்கும் விளங்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

கொழும்புக்கு அருகே பியகமவில் உங்கள் நிறுவனத்தின் இரண்டாவது வேலைத்தலம் திறக்கப்படுகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்றே இருந்தேன். ஹட்டனில் ஒரு கடையின் மேல்மாடியில், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் மின்பெனல் பெட்டிகளுக்குத் துளையிடும் சத்தம் தெருவரை கேட்க, நீங்கள் தொழில் தொடங்கிய காலத்தில் நான் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோரில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். உங்கள் வளர்ச்சி எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதோடு, உங்களிடம் கேட்டுக்கொள்ள ஒரு விடயமும் இருக்கிறது.

எங்களிடம் நீங்கள் செய்த முதல் வேலை, கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியது. விசிறியின் வேகத்தை 80 வீதத்துக்குக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்று நீங்கள் சொன்னபோது, தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நம்பவில்லை. கொழுந்தில் ஈரம் இறங்க இறங்க அவ்வளவு காற்றுத் தேவையில்லை என்பது அவர் கையறிந்த பாடம்தான். அதை மின்கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்க வைத்தவர் நீங்கள். ஆனாலும் என் மனதில் நிற்பது அந்தச் சேமிப்பைவிட பெனலின் கதவுதான். அதைத் திறந்தால் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் முழு வயரிங் படமும் இருந்தது. ஒவ்வொரு வயரின் முனையிலும் இருந்த இலக்கம் படத்திலிருந்த இலக்கத்தோடு அப்படியே பொருந்தியது. பொத்தான்களின் கீழே தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தீர்கள். வாட்டுத் தளத்தில் வேலை செய்த அக்கா ஒருவர் ‘காற்று வேகம்’ என்ற எழுத்தை விரலால் தொட்டு வாசித்துப் பார்த்தார்.

தேயிலையை உலர்த்தும் ட்ரையரின் கட்டுப்பாட்டு வேலையை வேறொரு நிறுவனம் செய்திருந்தது. 2022 இல், டீசலுக்கு வாகனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், ஓர் இரவு அந்த ட்ரையர் நின்றுவிட்டது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் ஓர் எண்ணும் மட்டுமே தெரிந்தன. பெனலுக்குள் படம் இல்லை. ட்ரையரை இயக்கும் சிறு தொழிற்சாலைக் கணினியான பி.எல்.சி.யின் நிரலைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். தொலைபேசியில் அழைத்தபோது, தங்கள் பொறியியலாளர் நேரில் வராமல் எதையும் சொல்ல முடியாது என்றார்கள். அவர் வர நான்கு நாள் ஆனது. ரோலரில் அரைபட்டுப் பரப்பியிருந்த தூள் செம்பு நிறத்தைக் கடந்து கறுத்துப் புளிப்பு வாடை அடிப்பதை நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பகல் முழுவதும் மழையில் மலையேறிப் பறித்த கொழுந்து அது. பழுது என்னவென்றால், கழன்றிருந்த ஒரு வெப்பமானி வயர். படம் ஒன்று இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் நானே பொருத்தியிருப்பேன்.

உங்கள் தொழில் உலகில் வளர்ந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். 1968 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ், ரிலேக்கள் என்ற மின்காந்த சுவிட்சுகள் நிறைந்த பெட்டிகளுக்கு மாற்றுக் கேட்டபோது, பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனம் தன் 84 ஆவது திட்டமாக மொடிகன் 084 என்ற பி.எல்.சி.யை உருவாக்கியது. தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்களுக்கு முன்பே பழகியிருந்த ஏணி வடிவ ரிலே படத்திலேயே அதற்கான கட்டளைகளை எழுத முடிந்தது, பி.எல்.சி. வேரூன்றியதற்கு அது ஒரு பெரிய காரணம். அந்தக் கருவியின் பெயரிலேயே அமைந்த மொடிகன் நிறுவனம் 1979 இல் மொட்பஸ் என்ற தொடர்பாடல் முறையை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அந்த நிறுவனம் கூல்ட், ஏ.ஈ.ஜி., ஷ்னைடர் என்று கைமாறிப் போனாலும், எங்கள் இஸ்டோரில் நீங்கள் பொருத்திய கருவிகள் இன்றும் ஒன்றோடொன்று பேசுவது மொட்பஸில்தான். நம் மலைநாட்டு இஸ்டோர்களுக்கு வந்த சிரொக்கோ ட்ரையரைச் செய்த டேவிட்சனும் அசாமின் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துப் பழகியவர். அதன் பிறகே 1881 இல் பெல்ஃபாஸ்டில் தொழிற்சாலை தொடங்கினார்.

இனி உங்களுக்குப் பெரிய வேலைகள் வரும். நிரலைப் பூட்டி வைத்தால் வாடிக்கையாளர் வேறெங்கும் போகமாட்டார், பராமரிப்புப் பணம் தவறாமல் வரும் என்று உங்களுக்குச் சொல்பவர்களும் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள். விளக்கக் குறிப்புகளோடு நிரலின் பிரதியொன்றை ஒவ்வொரு இஸ்டோரிலும் கொடுத்துவிட்டு வாருங்கள். பி.எல்.சி. செயலிழந்தாலும், பாதுகாப்புத் தடுப்புகள் விடுபடாமல், கையால் இயக்க ஒரு சுவிட்ச் இருக்கட்டும். நம் லயங்களிலிருந்து தொழிற்பயிற்சி முடித்துவரும் பிள்ளைகளுக்குப் பியகமவிலும் இடம் கொடுங்கள். தேயிலையின் பதம் தெரிந்தவர்கள் உங்கள் பொறியியலாளர்களுக்கும் கற்றுக்கொடுப்பார்கள்.

எங்கள் ட்ரையரின் பெனலை மாற்றத் தோட்ட நிர்வாகம் இப்போது முடிவு செய்திருக்கிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் மகள் உங்களை அடுத்த வாரம் அழைப்பாள். விசிறி பெனலின் படத்தைப் பிரதியெடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறேன்; அதை ஏற்கெனவே மனப்பாடமாக்கிவிட்டாள். புதிய பெனலின் கதவுக்குப் பின்னாலும் அப்படி ஒரு படத்தை அவளுக்காக வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இஸ்டோர் எலக்ட்ரீஷியன்