கெர்னல் கையேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மூல நிரலிலிருந்து சொந்தமாகக் கம்பைல் செய்ய நான் கற்றது உங்கள் கையேடுகளைப் படித்துத்தான். அந்த நன்றியோடு கேட்கிறேன்: ரூட் ஃபைல்சிஸ்டத்தை (கணினியின் முதன்மைக் கோப்பமைப்பை) மவுன்ட் செய்வது, அதாவது கெர்னல் அதைத் திறந்து இணைத்துக்கொள்வது பற்றிய பகுதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

என் முதல் கெர்னல் பிழையில்லாமல் கம்பைல் ஆனது. ரீபூட் செய்தேன். திரையில் வரிகள் ஓடி, "கெர்னல் பேனிக்" என்று நின்றது. ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லையாம். பக்கத்தில் "அன்னோன் பிளாக் (0,0)". லேப்டாப்பின் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு எண்களில்தான் பாதி விடை இருக்கிறது என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (0,0) என்றால், நாம் குறிப்பிட்ட டிஸ்க்கையே கெர்னல் கண்டுபிடிக்கவில்லை. டிஸ்க்கோடு பேச உதவும் என்விஎம்இ, சாட்டா டிரைவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். (8,2) என்று வந்தால் எஸ்டிஏ2 பார்ட்டிஷன் (எஸ்டிஏ டிஸ்க்கின் இரண்டாம் பகுதி) கிடைத்துவிட்டது, அதிலுள்ள ஃபைல்சிஸ்டத்தைத்தான் படிக்கத் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு, வேறு வேறு மருந்து.

என் தவறு ஒரே எழுத்தில் இருந்தது. கெர்னலில் எது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எம் என்றும் நட்சத்திரக் குறி என்றும் மாறுமே, அதில் என்விஎம்இ, இஎக்ஸ்டி4 (என் ரூட்டின் ஃபைல்சிஸ்டம் வகை) இரண்டையும் எம் என்று விட்டிருந்தேன். எம் என்றால் மாட்யூல், அதாவது தேவைப்படும்போது ஏற்றப்படும் தனிக் கோப்பு; நட்சத்திரம் என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். அந்த மாட்யூல் கோப்பு இருப்பதோ, இன்னும் மவுன்ட் ஆகாத அதே ரூட்டுக்குள். லினக்ஸ் விநியோகங்கள் தரும் கெர்னலில் இவை பெரும்பாலும் மாட்யூல்தான், ஆனால் கூடவே இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் மவுன்ட் ஆகும்முன் நினைவகத்தில் ஏற்றப்படும், டிரைவர்கள் அடங்கிய சிறு தற்காலிக ஃபைல்சிஸ்டம்) வருவதால் சமாளித்துவிடுகிறது. நான் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கவில்லை. "தேவையான டிரைவர்களைத் தேர்ந்தெடுங்கள்" என்ற உங்கள் வரிக்குக் கீழே, இனிட்ராம்எஃப்எஸ் இல்லையென்றால் இவற்றுக்கு நட்சத்திரம் கட்டாயம் என்று சேர்த்திருந்தால் போதுமே!

எது தேவை என்பதையும் காட்டிக்கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் 'எல்எஸ்பிசிஐ -கே' அடித்தால் டிஸ்க் கன்ட்ரோலருக்கு எந்த டிரைவர் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், ரூட் எது என்று கெர்னலுக்கு யுயுஐடியால் (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்ணால்) குறிப்பதென்றால் இனிட்ராம்எஃப்எஸ் வேண்டும். கெர்னல் தானாகப் புரிந்துகொள்வது பார்ட்யுயுஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்ணை). யுஎஸ்பி டிஸ்க் என்றால் டிஸ்க் தயாராகும்வரை கெர்னலைக் காத்திருக்க வைக்கும் ரூட்வெயிட் என்ற பூட் அளவுருவைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வரி: பழைய கெர்னலைப் பூட் மெனுவிலிருந்து நீக்காதீர்கள். நான் நீக்கியிருந்தேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்