வியாழக்கிழமை ஒரு மணிநேரம்: எங்கள் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கவுன்சில் நூலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் கடிதங்களின் பின்பக்கத்தில் 'இந்தத் தகவல் உங்கள் மொழியில் வேண்டுமானால் எங்களைத் தொடர்புகொள்ளவும்' என்று பல மொழிகளில் ஒரு வரி இருக்கும். தமிழும் இருக்கிறது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும் தமிழ்தான், ஆனாலும் தமிழ். ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் வந்தது ஒரே தானியங்கிப் பதில். கடைசிக் கடிதம் போட்டு நான்கு மாதமாகிறது. தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பதற்காகவாவது யாரேனும் ஒருவர் இதை முழுக்கப் படிக்க வேண்டி வருமே என்ற நப்பாசையில் இந்த மடலை எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நூலகத்தின் பின்பக்கம் இருந்த உள்ளூர் வரலாற்று அறையை இரண்டு வருடத்துக்கு முன் 'தற்காலிகமாக' மூடினீர்கள். அங்கிருந்த பழைய புகைப்படப் பெட்டிகளைப் பூட்டி வைத்துவிட்டு, கொஞ்சப் படங்களை மட்டும் இணையத்தில் ஏற்றினீர்கள். அந்த அறையை மறுபடி திறக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் போதும். ஒரு மணிநேரம் என்றாலும் போதும்.

நான் இங்கிலாந்தில், ஒரு காலத்தில் நெசவாலைகள் நிறைந்திருந்த இந்த லங்காஷயர் ஊரில் முதியோர் இல்லமொன்றில் கேரராக, அதாவது பராமரிப்பாளராக, வேலை செய்கிறேன். எங்கள் இல்லத்தில் பாதிப் பேருக்கு மறதி நோய். காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் தெரியாது. ஆனால் எழுபது வருடத்துக்கு முந்தைய தெருவின் படத்தைக் காட்டினால், மூலைக் கடையில் ரொட்டி என்ன விலைக்கு விற்றது என்று சொல்வார்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இது நம்ப முடியாத அதிசயமாக இருந்தது. அந்த அறை திறந்திருந்த காலத்தில் வியாழக்கிழமைகளில் எங்கள் வேனில் ஆறு பேரைக் கூட்டிப்போவோம். அங்கிருந்த நூலக அம்மா தெருவாரியாகப் பெட்டிகளை எடுத்து மேசையில் பரப்பி வைப்பார். பஸ் கொண்டக்டராக இருந்த ஒருவர் 'வேக்ஸ் வீக்' படங்களைப் பார்த்தால் போதும், கதைக்கத் தொடங்கிவிடுவார். ஊரிலுள்ள ஆலைகள் எல்லாம் ஒரே வாரம் மூடிக்கொள்ள, சனம் முழுக்க ரயிலேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடுமாம். பக்கத்து ஊருக்கு அடுத்த வாரமாம். பூட்டிய கடைகளும் ஆளில்லாத வீதியும், எங்கள் ஊரில் தேருக்கு எல்லாரும் கோயிலடிக்குப் போனபின் ஒழுங்கை கிடக்கும் கிடையை எனக்கு நினைவூட்டும்.

இவ்வளவும் எழுதுவது ஒருவருக்காகத்தான். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். மகளின் சம்மதம் கேட்டே எழுதுகிறேன். வயது 91. பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் முடித்து நேராக நெசவாலைக்குள் போனவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. உதடு மட்டும் சில வேளை அசையும், சத்தம் வராது. நாங்கள் அதை நோயின் ஒரு கட்டம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தோம்.

ஒரு வியாழக்கிழமை அந்த அறையில், ஆலை வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கும் படமொன்றைக் கையில் கொடுத்தோம். பார்த்தார். உதடு அசையத் தொடங்கியது. வாயை அகலத் திறந்து, மூடி, கன்னத்தை இழுத்து, கையாலும் ஏதோ காட்டினார். பக்கத்திலிருந்த இன்னொரு பழைய நெசவுக்காரி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு அவரும் சத்தமில்லாமல் வாயசைத்துப் பதில் சொன்னார். நூலக அம்மாதான் எங்களுக்கு விளக்கினார். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின்கீழ் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதுகூடக் காதில் விழாதாம். அதனால் லங்காஷயர் நெசவுப் பெண்கள் உதட்டை மிகைப்படுத்தி அசைத்தே ஊர்க்கதை முழுக்கக் கதைப்பார்களாம். அதற்கு 'மீமோ' என்று பெயர். ஆக, எங்கள் குறிப்புப் புத்தகத்தில் 'பேச்சு இல்லை' என்று எழுதியிருந்த மனுசி, இவ்வளவு நாளும் எங்களோடு கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்களுக்குத்தான் விளங்கவில்லை.

அந்தப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தன. இடமிருந்து வலம், பதினொரு பெயர். நான்காவது அவருடையது.

பிறகு அறை மூடியது. உங்கள் இணையப் பக்கத்தில் தேடி அதே படத்தைக் கண்டுபிடித்தேன். கீழே 'அடையாளம் தெரியாத பெண்கள், ஆலை வாசல், சுமார் 1950' என்று போட்டிருக்கிறீர்கள். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை. படத்தின் குறுக்கே, பெண்களின் முகங்களுக்கு மேலாக, கவுன்சிலின் பெயர் சாம்பல் எழுத்தில் சாய்வாக ஓடுகிறது. அது இல்லாத படம் வேண்டுமானால் தனியாளுக்கு 18 பவுண், நிறுவனத்துக்கு 45 பவுண். நாங்கள் நிறுவனமாம்.

சரி என்று எழுத்தோடே அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்த எழுத்தைத் துடைக்கத் தொடங்கினார். முகங்களின் மேல் ஏதோ அழுக்குப் படிந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். தாள் கசங்கும்வரை துடைத்தார். உதடு அசையவில்லை.

ஐயா, அம்மா, நான் கோபமாக எழுதவில்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெட்டிகள் உங்களிடம் எப்படி வந்தன? ஊர்ச் சனம் தாய் தகப்பன் செத்தபின் சப்பாத்துப் பெட்டியில் கட்டிக்கொண்டுவந்து, 'இது ஊரோடு இருக்கட்டும்' என்று சும்மா தந்தவைதானே. ஊர் சும்மா தந்ததை ஊருக்கே 18 பவுணுக்கு விற்பது என்ன கணக்கு? இன்னும் பழைய படங்களும் இருக்கின்றன. எடுத்தவர் யாரென்றே தெரியாமல், பதிப்புரிமை எப்போதோ காலாவதியான 1900களின் தொடக்கப் படங்கள். அவற்றுக்கும் அதே விலை. சொந்த அறிவால் உருவாக்கிய படைப்புக்குத்தான் பதிப்புரிமை என்று இந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய படத்தை ஸ்கேனரின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைப்பது எந்தப் படைப்பில் சேர்த்தி?

பக்கத்தில் போல்டனைப் பாருங்கள். 1937-38ல் ஹம்ப்ரி ஸ்பெண்டர் என்பவர் அந்த ஊரின் தெருக்களையும் மதுக்கடைகளையும் வாக்குச் சாவடிகளையும் எடுத்த படங்களை, எவரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பிளாக்பர்ன் ஊரின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சல், கென்யன் என்ற இரண்டு பேர் 1900ஐ ஒட்டி ஆலை விட்டு வரும் தொழிலாளரைப் படம்பிடித்தார்கள். தங்களையே திரையில் பார்க்கக் காசு கொடுத்துச் சனம் வருமே என்ற வியாபாரம்தான். அந்தச் சுருள்கள் சுமார் எண்ணூறு, 1994ல் ஒரு பழைய கடையின் நிலவறையில் இரும்புப் பீப்பாய்களுக்குள் கிடந்து அகப்பட்டன. குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை, தற்செயலாகத் தப்பின. உங்கள் பெட்டிகளுக்குத் தற்செயல் தேவையில்லை. ஒரு சாவிதான் தேவை.

அதற்கு ஆளில்லை, காசில்லை என்று சொல்வீர்கள். தெரியும். எங்கள் இல்லத்திலும் அதே பாட்டுத்தான். ஆனால் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்த இடத்தைச் சுற்றித் தகர வேலி போட்டிருக்கிறீர்களே, அதில் அதே ஆலைப் படங்களை ஆளுயரத்துக்குப் பெருப்பித்து ஒட்டக் காசு இருந்ததே. அந்த ஆலையே இப்போது 'நெசவாளர் மாடம்' என்ற பெயரில் சொகுசு அடுக்குமாடி. வரவேற்பறைச் சுவரில் தலையில் துணி கட்டிய நெசவுப் பெண்கள் பெரிதாகச் சிரிக்கிறார்கள், அங்கே குறுக்கே எழுத்து ஒன்றும் கிடையாது. சந்தைக்கு எதிரே உள்ள கோப்பிக் கடைச் சுவரிலும் இருக்கிறார்கள். உங்கள் சுற்றுலாக் கையேட்டின் அட்டையிலும் இருக்கிறார்கள். தறிகளைப் பழைய இரும்பாக்கிவிட அரசாங்கம் 1959ல் சட்டம் போட்டு நட்டஈடு கொடுத்தது. தறி போனது, ஆலை போனது, பஸ்சும் மணிக்கு ஒன்றாகிவிட்டது, நூலகம் வாரத்தில் மூன்று நாள். மிச்சமிருப்பது 'பாரம்பரியம்' என்ற சொல் மட்டும். அதை மட்டும் நீங்கள் தாராளமாகச் செலவழிக்கிறீர்கள். அந்தப் பாரம்பரியத்தில் நான்காவதாக நிற்பவர் எங்கள் இல்லத்தில் ஏழாம் நம்பர் அறையில் இருக்கிறார் என்பதுதான் உங்கள் கையேட்டில் இல்லை.

மன்னிக்கவும். எதையோ தொடங்கி எங்கேயோ போய்விட்டேன்.

'உனக்கு ஏன் இந்த வேலை, இது உன் ஊரா?' என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரன். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அம்மா அரிசியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் எடுத்தா, புகைப்பட அல்பத்தை எடுக்கவில்லை. திரும்பிப் போனபோது வீட்டில் கூரையும் இல்லை. என் அம்மா அப்பாவின் கலியாணப் படத்தை நான் பார்த்ததாக ஞாபகம் மட்டும் இருக்கிறது. அதில் அம்மாவின் சேலை என்ன கரை என்று இப்போது சொல்லத் தெரியாது, கேட்க அம்மாவும் இல்லை. எங்கள் படம் போரில் போனது. இங்கே போர் இல்லை. பெட்டி பத்திரமாக, ஈரப்பதம் பார்த்து, பூட்டிய அறையில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1964ம் ஆண்டு நூலகச் சட்டம் 'முழுமையான, திறமையான' சேவையை உங்கள் கடமையாக வைத்திருக்கிறது. அதைக் காட்டி உங்களோடு சட்டம் கதைக்க நான் வரவில்லை. தயவாகக் கேட்கிறேன், அந்த அறையைத் திறவுங்கள். பெட்டிகளை எடுத்து வைக்கவும் திரும்ப அடுக்கவும் எங்கள் இல்லத்திலிருந்து இரண்டு பேர் சம்பளமில்லாமல் வருகிறோம். பென்சில் தவிர வேறொன்றும் கொண்டுவரமாட்டோம். படங்களின் பின்பக்கங்களையும் ஸ்கேன் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். ஆளில்லை என்றால் அதையும் நாங்களே செய்து தருகிறோம். முதியோர் இல்லங்களுக்காவது அந்தச் சாம்பல் எழுத்து இல்லாத படங்களைக் கொடுங்கள். 'அடையாளம் தெரியாத' என்று நீங்கள் போட்டிருக்கும் பல முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய நான்கைந்து பேர் எங்களிடம் இன்னும் இருக்கிறார்கள். போன குளிர்காலத்துக்கு முன் ஏழு பேர் இருந்தார்கள். வேக்ஸ் வீக் கதை சொன்ன கொண்டக்டர் இப்போது இல்லை.

எங்கள் வேன் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சும்மா நிற்கிறது. நூலகத்தின் பின்வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டேன், நல்ல நிலையில்தான் இருக்கிறது. எந்த வியாழன் என்று மட்டும் அறியத் தாருங்கள். பதில் தமிழில் வேண்டியதில்லை, ஆங்கிலத்திலேயே எழுதலாம்.

பணிவுடன்,
ஏழாம் நம்பர் அறைக்குக் காலைத் தேநீர் கொண்டுபோகும் ஒரு கேரர்