காபோனும் என் கடைப் பலகையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உலகச் செய்திப் பக்கத்தில் காபோனைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள், அதில் ஏழை ஆப்பிரிக்க நாடு என்று ஒரு அடைமொழி. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் பிளைவுட் கடை வைத்திருக்கிறேன். இப்போது வரும் ஷீட் பலவற்றில் மேல்தோலாக ஒட்டியிருக்கும் வெளிர் இளஞ்சிவப்பு மரம், ஓக்குமே என்பார்கள், அது காபோன் காட்டு மரம். முன்பெல்லாம் பர்மாவின் குர்ஜன் மரம்தான். 2014-இல் பர்மா வெட்டிய மரத்தை அப்படியே தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திய பிறகு இது உள்ளே வந்தது. முதல் லோடைப் பார்த்துவிட்டு ஆசாரிகள் "என்னண்ணே, வெளுத்துப் போயிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கேட்டே வாங்குகிறார்கள்.

விஷயம் என்னவென்றால், காபோன் தடியாக அனுப்புவதில்லை. 2010-லேயே தடை போட்டுவிட்டார்கள்: மரம் வேண்டுமா, இங்கே வந்து ஆலை வை, எங்கள் ஆளுக்கு வேலை கொடு, சீவித் தகடாக எடுத்துப் போ. தலைநகர் லிப்ரவில்லுக்குப் பக்கத்தில் என்கோக் என்ற இடத்தில் அதற்கென்றே ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலம், அதில் இந்தியக் கம்பெனிகளும் இருக்கின்றன. எண்ணெயையும் மாங்கனீசு உலோகத் தாதுவையும் எடுத்தபடியே கப்பலேற்றிப் பழகிய நாடு மரத்தில் மட்டும் முறுக்கிக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. 2029 முதல் மாங்கனீசையும் பச்சையாக அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். உருக்குவதற்கு மின்சாரம் எங்கே என்று கேட்டால் அது வேறு கதை, லிப்ரவில்லிலேயே கரண்ட் போய்ப் போய் வருகிறது.

சரி, ஏழையா பணக்காரரா? தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு பரப்பு, மக்களோ சுமார் 25 லட்சம்தான். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கில் உறுப்பினர். வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஆப்பிரிக்காவின் மேல்வரிசையில் நிற்கும், ஆனால் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. வகுத்தது யார் கையில் தங்கியது என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம்: 1967-இல் ஓமர் போங்கோ உட்கார்ந்த அதிபர் நாற்காலியில் 2009-இல் மகன் அலி உட்கார்ந்து, 2023 ஆகஸ்டில் ராணுவம் இறக்கிவிடும்வரை ஒரே குடும்பம். இறக்கிய ஜெனரல் பிரைஸ் ஒலிகுய் நுகுமாவும் அந்தக் குடும்பத்துக்கு உறவுதானாம்! 2025 ஏப்ரலில் தேர்தல் வைத்து அவரே அதிபராகிவிட்டார்.

சாப்பாட்டு விஷயம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். நிலத்தில் 88 சதவீதம் காடு, மழைக்கும் குறைவில்லை, மரவள்ளியும் வாழைக்காயும் அன்றாட உணவு, இருந்தும் உணவில் பெரும்பகுதி இறக்குமதி. எண்ணெய்ப் பணம் வந்த காலத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஊரைக் காலி செய்தவர்கள் திரும்பவே இல்லை, பத்தில் ஒன்பது பேர் நகரத்தில் இருக்கிறார்கள். கிராமத்தில் மிஞ்சியவர்கள் மரவள்ளி நட்டால் யானை இறங்குகிறது. சுமார் 95,000 காட்டு யானைகள் உள்ள நாடு அது. உலகம் யானையைக் காப்பாற்றியதற்குக் கை தட்டுகிறது, கொல்லைக்காரன் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுகிறான்.

அடுத்த முறை நாலு வரி போடும்போது அந்த 'ஏழை'யை எடுத்துவிட்டு 'எண்ணெய்' என்று போடுங்கள், அதிக இடம் ஒன்றும் பிடிக்காது.

இப்படிக்கு,
பிளைவுட் கடைக்காரர், திண்டுக்கல்