ஒரு வர்க்கிப் பந்தயம்: பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பிரேயரில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கத்தை மைக்கில் வாசித்தது நீங்கள்தான். 'விழும் 3, விழாது 2, ஆளுக்கு ஒரு வர்க்கி' என்று இருந்தது. நாளைக்கு ஊட்டியில் உறைபனி விழுமா விழாதா என்று ஐந்து பிள்ளைகள் நம் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியை வைத்துக் கட்டிய பந்தயம் அது. அன்று மாலை அவள் டைரி 'வகுப்பறையில் சூதாட்டம்' என்ற சிவப்பு மை வரியோடு வீட்டுக்கு வந்தது. மறுநாள் எல்லாப் பெற்றோருக்கும் சுற்றறிக்கை. அதில் யார் பேரும் இல்லை, உண்மைதான். ஆனால் வேன் டிரைவருக்குக்கூட யார் என்று தெரிந்திருந்தது.

டைரியில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பாடம் நடக்கும்போது பேசினாளா, கண்டியுங்கள். நோட்டை வீணாக்கினாளா, இரண்டு பக்கம் இம்போசிஷன் கொடுங்கள். நான் வாயே திறக்க மாட்டேன். சூதாட்டம் என்பது மட்டும் வேண்டாம்.

'வீட்டில் பந்தயம் கட்டும் பழக்கத்தைப் பெற்றோர் ஊக்குவிக்க வேண்டாம்' என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறதே, அது எனக்கென்று எழுதியது என்று புரிகிறது. ஆமாம், இந்தப் பந்தயம் எங்கள் சமையலறையில் தொடங்கியதுதான். கார்த்திகை கழிந்து நீர்ப்பனி நின்று உறைபனிக் காலம் வந்துவிட்டால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளாளுக்குச் சொல்வோம், நாளைக்கு விழும், விழாது. தோற்றவர் தன் பங்கு வர்க்கியில் ஒன்றை ஜெயித்தவருக்குத் தர வேண்டும். என் மாமியார் எப்போதும் 'விழாது' கட்சி. அவருக்குப் பல் இல்லாததால் வர்க்கி போனாலும் கவலை இல்லை.

மகள் ஒரு எவர்சில்வர் தட்டில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பின்கட்டுத் திண்டின் மேல் வைப்பாள். விடியும் முன்னே எழுந்து, ஸ்வெட்டருக்கு மேல் என் சால்வையையும் சுற்றிக்கொண்டு டார்ச்சோடு ஓடுவாள். தண்ணீர் உறைந்திருந்தால் மேலே கண்ணாடி மாதிரி ஓர் ஏடு நிற்கும். அதை உடையாமல் நகத்தால் கிளப்பி, டார்ச்சுக்கு நேரே பிடித்து, உள்ளே இருக்கும் கோடுகளை எனக்குக் காட்டுவாள். விரல் மரத்துப் போனதும் அடுப்பருகே ஓடி வருவாள். "அத்தனையும் விழுந்திருக்கும்மா, புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி இருக்கு" என்பாள். அப்புறம்தான் பாட்டியிடம் வர்க்கி வசூல்.

இந்தப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காக அவள் கற்றுக்கொண்டதைக் கேளுங்கள். வானம் துடைத்து விட்டது போல இருந்து காற்றும் இல்லாவிட்டால் தரையில் இருக்கும் சூடு முழுக்க மேலே போய்விடும், பனி விழும். மேகம் மூடியிருந்தால் போர்வை போட்ட மாதிரி சூடு தங்கிவிடும், விழாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் காந்தல், தலைக்குந்தா, பந்தய மைதானம் எல்லாம் முதலில் வெளுக்கின்றன, மேட்டில் இருக்கும் வீடுகள் தப்பிக்கின்றன. தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் செடியைப் போட்டு மூடுவது எதற்கு என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். இதையெல்லாம் உங்கள் அறிவியல் ஆசிரியை சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஒரு வர்க்கிதான் சொல்லிக் கொடுத்தது.

இப்போது அவள் தட்டு வைப்பதில்லை. ஏழு நாளாகத் தட்டு அலமாரியிலேயே இருக்கிறது. முந்தாநாள் ராத்திரி வானத்தில் அவ்வளவு நட்சத்திரம், நானே 'விழும்' என்று சொல்லிப் பார்த்தேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு, "அது சூதாட்டம்மா, பேசாத" என்றாள். காலையில் கொல்லை முழுக்க வெள்ளை. எழுந்து வந்து பார்க்கவில்லை. வேனில் யாரோ ஒரு பையன் 'சூதாடி' என்று கூப்பிடுகிறான், பேரே அப்படி ஆகிவிட்டது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய கஷ்டங்கள் வீட்டில் இருக்கின்றன. ஆனால் அந்தத் தட்டை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது.

சூதின் கெடுதி எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். என் தாத்தா முத்தோரை பாலாடாவில் கேரட் போட்டவர். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விற்ற பணம் கைக்கு வருவதும், ஏப்ரலில் இங்கே குதிரைப் பந்தயம் தொடங்குவதும் அவருக்கு ஒன்றாகவே வந்தன. ஒரு வருஷம் விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணம் முழுக்க ஒரே சனிக்கிழமையில் போனது. பாட்டியின் கழுத்து காலியானது அதற்கு அடுத்த வாரம். அதன் பிறகு எங்கள் வீட்டில் தாயக்கட்டைகூடக் கிடையாது. பாட்டி அவ்வளவு கட்டுப்பாடு வைத்தும் என் சித்தப்பா கற்றுக்கொண்டார், வீட்டுக்கு வெளியே, யாரும் பார்க்காத இடத்தில், தோற்றால் எப்போது எழுந்து போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில். அவர் கதையை இங்கே எழுத மனமில்லை.

அதனால்தான் என் பிள்ளைகள் என் கண் முன்னே தோற்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் காசு வைப்பதில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று கடன் சொல்லக் கூடாது. மனுஷர் மேலும் பரீட்சை மார்க்கின் மேலும் பந்தயம் கிடையாது. போன வருஷம் மகள் தொடர்ந்து நான்கு நாள் தோற்றாள். ஐந்தாம் நாள் ராத்திரி முகம் சிவந்து, "இன்னைக்கு நாலு வர்க்கி வைக்கிறேன், எல்லாத்தையும் எடுத்துடுவேன்" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் கை நடுங்கியது. தாத்தா பேசியதும் இதே வார்த்தைதானாம், பாட்டி சொல்லியிருக்கிறார். அன்று அவளை மடியில் உட்கார வைத்துத் தாத்தாவின் கதையைச் சொன்னேன். ஒரு வாரம் பந்தயமே இல்லை என்று நிறுத்தினோம். அழுதாள். மறுபடி ஆரம்பித்தபோது அவளே, "ஒண்ணுதான், அதுக்கு மேல கிடையாது" என்றாள். அந்த 'எல்லாத்தையும் எடுத்துடுவேன்' அவள் வாயில் பதினெட்டு வயதில், கையில் போனோடு, கதவைச் சாத்திக்கொண்டு முதல் முறையாக வந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்குமா?

பந்தயமே வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் என் மகள் பந்தயம் கேட்டது தப்பு. அதற்கு அவளும் நானும் மன்னிப்புக் கேட்கத் தயார், இதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் சூது எது என்று இந்த ஊரில் யார் யாருக்குச் சொல்வது? 1886 முதல் இங்கே குதிரை ஓடியது. 52 ஏக்கருக்கு மேல் ஊரின் நட்டநடுவில். குத்தகை 1978லேயே முடிந்தும் ஓடியது. 2024 ஜூலையில்தான், அதுவும் குத்தகை பாக்கிக்காகத்தான், வருவாய்த் துறை அங்கே சீல் வைத்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, குதிரை மேல் கட்டினால் திறமை, அதே மைதானத்தில் விழும் பனி மேல் கட்டினால் சூது போலிருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் வீடு விற்றவர்கள் கதையை நாள்தோறும் படித்துவிட்டுத்தான் 2022ல் இங்கே சட்டம் போட்டார்கள், 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே நாடாளுமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டங்களின் பேரையெல்லாம் உங்கள் சுற்றறிக்கையில் பார்த்தேன். வள்ளுவரையும் பார்த்தேன். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. ஜனவரியில் வரும் ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு பிள்ளை கையிலும் இருபது குலுக்கல் சீட்டு கொண்ட புத்தகம் கொடுத்திருக்கிறீர்கள். சீட்டு பத்து ரூபாய், முதல் பரிசு மிக்சி. என் மகள் தெருவில் வீடு வீடாகப் போய், "அதிர்ஷ்டம் இருந்தா மிக்சி ஆண்ட்டி" என்று சொல்லி விற்றாள். தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது, பள்ளி ஆண்டு விழாவுக்கு விலக்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். வானத்தைப் பார்த்துச் சொன்னதற்கு மைக்கில் பேர், அதிர்ஷ்டத்தை விற்றதற்கு நோட்டீஸ் போர்டில் 'சிறந்த விற்பனையாளர்' பட்டியல்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியை நல்லவர், என் மகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு வலி.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். டைரியில் இருக்கும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'பாட வேளையில் பேசினாள்' என்று எழுதித் தாருங்கள், அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருத்திச் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம், 'அந்தப் பிள்ளைகள் செய்தது விளையாட்டு, இனி வகுப்பில் வேண்டாம்' என்றால் போதும். வருகிற திங்கட்கிழமை பிரேயரிலேயே சொல்ல முடிந்தால் நல்லது. தை கழிந்தால் உறைபனி நின்றுவிடும்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் அம்மா,
உதகமண்டலம்.

பி.கு.: குலுக்கல் சீட்டுப் புத்தகத்தில் விற்காத பதினொரு சீட்டுகளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விற்ற ஒன்பதுக்கான 90 ரூபாய் கவரில் இருக்கிறது. ரசீது தரவும்.