நிற்கும் எஞ்சினை மாற்றாதீர்கள், பாயிண்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு தாய் எழுதியிருந்ததைப் படித்தேன். உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மாடல் ரயில், பாதை பிரியும் இடம் வந்ததும் நின்றுவிடுகிறதாம். விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி ஓடுகிறதாம். கடையில் காட்டியதற்கு, மோட்டார் போய்விட்டது, புது எஞ்சின் வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று முடித்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. தள்ளியவுடன் ஓடுகிற மோட்டார் எப்படிப் போனதாகும்?

ரயில்வே சிக்னல் பிரிவில் 33 ஆண்டு வேலை பார்த்தவன் நான். பாதையைப் பிரித்துவிடும் பாயிண்டும், தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு வண்டி நிற்பதைக் கண்டறியும் டிராக் சர்க்யூட்டும்தான் என் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்னறையில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை போட்டு எச்.ஓ. என்ற அளவில் மாடல் ரயில் பாதை அமைத்திருக்கிறேன். நான் வேலை பார்த்த அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மி.மீ., இதில் 16.5 மி.மீ. ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஆனால் பாயிண்டில் வரும் கோளாறு இரண்டிலும் ஒரே ஜாதி.

பாதை பிரியும் இடத்தில், ஒரு பாதையின் இடது தண்டவாளமும் மற்றதன் வலது தண்டவாளமும் ஒரு மூக்கில் வந்து சேரும். அதைக் கிராசிங் என்போம். மாடல் ரயிலில் பெரும்பாலும் ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். இரண்டும் மூக்கில் தொட்டுக்கொண்டால் ஷார்ட். அதனால் பல பாயிண்டுகளில் மூக்கைப் பிளாஸ்டிக்கிலேயே செய்துவிடுகிறார்கள். அதன்மேல் ஏறிய சக்கரத்துக்கு மின்சாரம் கிடையாது. எட்டுச் சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கும் பெரிய டீசல் எஞ்சின் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். இரண்டே அச்சுள்ள குட்டி நீராவி எஞ்சினுக்கு அப்படியில்லை. ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கில் இருக்கும்போது, அதே பக்கத்து இன்னொரு சக்கரம்தான் முழு மின்சாரத்தையும் எடுக்க வேண்டும். அந்தச் சக்கரத்தில் அழுக்கோ, இழுவைக்காக மாட்டிய ரப்பர் வளையமோ இருந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். வேகமாக விட்டால் உந்துதலில் தாண்டிவிடும், மெதுவாக விட்டால் நிற்கும்.

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தின் மூன்று தண்டவாள முறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இரண்டு பக்கத் தண்டவாளத்துக்கும் ஒரே மின்முனை. மற்றது நடுவிலுள்ள குமிழ்களில் வரும்.

என் வீட்டுக் குட்டி எஞ்சினும் ஒருமுறை இப்படிப் பாயிண்டில் நின்றது. ஆனால் அது பிளாஸ்டிக் மூக்கினால் அல்ல. என் பாயிண்டில் மூக்கும் உலோகம்தான். அதற்கு மின்சாரம், பாதை மாற்ற இருபக்கமும் நகரும் நாக்குத் தண்டவாளம் வழியாக வருகிறது. நாக்கு எந்தப் பக்கத் தண்டவாளத்தில் ஒட்டுகிறதோ அந்தப் பக்கத்து முனை மூக்குக்கும் கிடைக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் முழுசாகக் காட்டியது. மூன்று நாள் வேறு எங்கெங்கோ தேடினேன். பிறகுதான் பழைய வேலை ஞாபகம் வந்தது. நாள்கணக்கில் வண்டி போகாத லூப் லைன் என்ற பக்கப் பாதையில் துரு படிந்துவிட்டால், வண்டி நின்றாலும் டிராக் சர்க்யூட்டின் ரிலே விழாமல் போகும், பாதை காலி என்றே காட்டும். மெல்லிய படலம்தான், ஆனால் அது ஆபத்து. மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் மிகமிகக் குறைவு. அதனால் நாக்கு ஒட்டும் இடத்தில் அப்படியொரு படலம் இருந்தாலும் முழு வோல்ட்டையே காட்டும். பைக் ஸ்பீடோமீட்டரில் போடும் 12 வோல்ட் குட்டி பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து, ஒரு முனையை மூக்கிலும் மற்றதை எதிர்த் தண்டவாளத்திலும் வைத்தேன். பல்பு மங்கிச் சிவந்தது. நாக்கை விரலால் அழுத்தினேன், பளிச்சென்று எரிந்தது.

நிஜப் பாயிண்டில் நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தகடு வைத்துச் சோதிப்போம். தகடு இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொண்டால் அது சரியில்லை என்று பொருள். மாடலில் ஒரு துண்டுக் காகிதம் போதும். நடுவில் வைத்து இழுத்தால் பிடிக்க வேண்டும், வழுக்கி வந்தால் நாக்கு ஒட்டவில்லை. திருச்சித் தூசிக்கு ஒட்டும் இடம் மாதத்துக்கு ஒருமுறை கறுத்துப்போகிறது. நான் துடைப்பதோடு விடவில்லை. பாயிண்டோடு சேர்ந்து நகரும் மைக்ரோ சுவிட்ச் ஒன்று மாட்டி, மூக்குக்கு அதன் வழியாகவே மின்சாரம் கொடுத்தேன். இப்படிச் செய்பவர்கள் மூக்கிலிருந்து பிரியும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட மறக்கக் கூடாது. மறந்தால் ஷார்ட் நிச்சயம்.

சக்கரத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். கீறல் விழுந்தால் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எஞ்சினைத் துணியில் கவிழ்த்துத் துடையுங்கள். சக்கரத்தைக் கையால் திருகினால் பல்சக்கரம் உடையலாம். சக்கரத்தின் பின்னால் உரசும் மெல்லிய தகடு விலகியிருந்தால் சாமணத்தால் மெதுவாக வளைத்து ஒட்டவையுங்கள். பாயிண்டின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மூக்கு ஒரு முடியளவு உயர்ந்திருந்தாலும் சக்கரம் தூக்கிக்கொள்ளும். பாயிண்டின் நடுவில் ஆணியை இறுக்கி அடித்திருந்தால் பாதையே வளைந்திருக்கும், ஆணியைத் தளர்த்துங்கள். டிஜிட்டல் எஞ்சினுக்கு மின்தேக்கி வைத்து இடைவெளியைத் தாண்டச் செய்யும் வழியும் உண்டு. பாயிண்டைச் சரிசெய்யாமல் அதை வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புது எஞ்சினுக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் மகன் கையில் ஒரு சாக்பீஸ் கொடுங்கள். எஞ்சினை மிகமிக மெதுவாகப் பத்துமுறை விட்டு, முன்சக்கரம் நிற்கும் இடத்தில் பலகையில் கோடு போடச் சொல்லுங்கள். பத்துக் கோடும் ஒரே இடத்தில் விழுந்தால், அந்த இடத்தில் நாக்கு முனையும் மூக்கும் எங்கே இருக்கின்றன என்று அவனையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் பணியாளர்,
பொன்மலை, திருச்சி.