பார்வையாளர் மாடத்தில் உதவிய அம்மாவுக்கு நன்றி

கனடாவின் வடக்கே உள்ள நுனாவுட் பிரதேசத்தின் தலைநகர் இக்காலுவிட்டில் சட்டமன்றம் பார்க்கப் போன அன்று, பார்வையாளர் மாடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இனுயிட் (அப்பகுதிப் பழங்குடி) அம்மாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயர் தெரியாது.

உறுப்பினர் ஒருவர் இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடுட்டில் பேசத் தொடங்கியதும் திருதிருவென்று விழித்தேன். நீங்கள்தான் என் ஹெட்போனை வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கும்படி மாற்றிக் கொடுத்தீர்கள். பனிப்புயலில் தண்ணீர் லாரி வராவிட்டால் வீட்டுத் தொட்டி காலி, அதற்கு என்ன ஏற்பாடு என்று அமைச்சரைக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். தண்ணீர் லாரிக்கெல்லாம் சட்டமன்றமா என்று நினைத்தேன்.

இடைவேளையில் பொறுமையாக விளக்கினீர்கள். நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள், வெளியிலிருந்து சாலையில் வந்து சேர வழியே இல்லை. அவசரத்துக்கு விமானம். கனமான சரக்கு கோடையில் கடல் பனி உருகிய பிறகு கப்பலில் வரும். மின்சாரத்துக்கு டீசல். சட்டமன்றத்தில் 22 உறுப்பினர்கள், கட்சி என்பதே கிடையாது. அதனால் ஊர்க்குறையைச் சொல்ல யார் அனுமதியும் வேண்டாம் என்றீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. (சீல் என்ற கடல் விலங்கின் தோல் போர்த்திய இருக்கைகளையும் காட்டினீர்கள்!)

கிளம்பும் அவசரத்தில் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: மிக்க நன்றி, அம்மா.