முகையதீன் கப்பல் மணியும் கம்போசிட்டர் கோலன்சோவும்

மதுரை

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு உன் நலமும் மாப்பிள்ளை, பேரன் நலமும் அறிய ஆவல்.

சென்ற வாரம் நீ வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் நியூசிலாந்தைக் கண்டுபிடித்துவிட்டான், அதற்குச் சாட்சியாகத் தமிழ் எழுத்துள்ள ஒரு கப்பல் மணி வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று தொடங்கி, உண்மைத் தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு என்று முடிந்தது. "இது நிஜமா அப்பா? அந்த அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்" என்று கீழே கேட்டிருந்தாய். நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்த கீதமாகத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று ஆண்டு தவறாமல் எனக்கு வந்து சேரும் புரளியோடு இதையும் சேர்த்துத் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்த மணி உண்மையிலேயே இருக்கிறது. அதைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க, அனுப்பியவர்கள் வேண்டாததையெல்லாம் சேர்த்து, சுவையானதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

1836 வாக்கில் நியூசிலாந்தின் வடதீவில், ஃபாங்கரேய் என்னும் ஊரின் பக்கம், வில்லியம் கோலன்சோ என்ற பாதிரிமார் சபை ஊழியர் ஒரு மாவோரிக் குடியிருப்புக்குப் போயிருக்கிறார். அங்கே பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரம் அன்று. வாய்ப்புறம் உடைந்துபோன ஒரு மணியின் மேற்பாகம், கவிழ்த்துப் பிடித்தால் கிண்ணம் போலிருப்பது. அதைச் சுற்றி அவருக்குப் புரியாத எழுத்துகள் இருந்தன. பெருங்காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் அது கிடைத்ததென்றும், நெடுங்காலமாகத் தங்களிடம் இருக்கிறதென்றும் அவர்கள் சொன்னார்களாம். கோலன்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "உடைந்த மணிக்கு முழுச் சட்டியா, அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள்" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். மண்ணில் குழி தோண்டிக் கல்லைச் சூடாக்கிச் சமைத்த மக்களுக்கு, உருளைக்கிழங்கும் இரும்பும் வெள்ளைக்காரர் கப்பல்களோடு வந்தவை. அடுப்பின் மேல் வைக்கத்தக்க உலோகப் பாத்திரத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மணியில் உள்ள எழுத்து தமிழ். முகையதீன் வக்குசுவுடைய கப்பலின் மணி என்று அதைப் படித்திருக்கிறார்கள். வக்குசு என்பது பக்ஸ் என்னும் பெயர் நம் நாக்கில் உருண்டு வந்த வடிவம். இந்த ஒரு பெயரே அந்த இரண்டாயிரம் ஆண்டுக் கதையைக் கவிழ்த்துவிடுகிறது, பார். முகையதீன் என்பது பாக்தாத்தில் வாழ்ந்து 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர். நம் ஊர் முஸ்லிம்கள் முகையதீன் ஆண்டவர் என்று போற்றுவது அவரைத்தான். அவர் பெயரைத் தாங்கிய ஒருவரின் கப்பல் என்றால், அது அவருக்குப் பிற்பட்ட காலத்துக் கப்பலாகத்தான் இருக்கும். சொந்தக் கப்பலோட்டி வணிகம் செய்த மரைக்காயர்கள் வாழ்ந்த காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எல்லாம் நீ பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த ஊர்கள்தாமே. கப்பலே அவ்வளவு தொலைவு போனதா, ஆளில்லாமல் மிதந்து போனதா, அல்லது மணி மட்டும் கைமாறிக் கைமாறி வேறொரு கப்பலில் போனதா என்பதற்கு இன்றுவரை எவரிடமும் விடை இல்லை. தமிழன் என்று மார்தட்டி எழுதியவர், அந்தத் தமிழனின் பெயரை மட்டும் தன் செய்தியில் எங்குமே சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

மற்றொன்றும் கவனித்தேன். அந்த எழுத்துகளை உள்ளபடியே பெயர்த்துக் கொடுத்திருப்பவர்கள், கப்பல் என்பதைக் 'கபல' என்பது போல், ஒரு பகரம் குறைந்து, புள்ளியும் இல்லாமல் காட்டுகிறார்கள். ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். படிப்பவன் தானே மெய் எது, உயிர்மெய் எது என்று கண்டுகொள்ள வேண்டும். கம்போசிட்டராக எழுத்துக் கோத்தே காலம் கழித்த எனக்கு இது பழகிய தொல்லை. அச்சகத்தில் ஈய எழுத்து தேயத் தேய முதலில் ஒடிந்து விழுவது மேலே உள்ள புள்ளிதான். ஒரு புதுமனை புகுவிழா அழைப்பிதழில் 'பால் காய்ச்சும் நேரம்' என்பது 'பால காயச்சும நேரம்' என்று ஐந்நூறு பிரதி ஓடிய பிறகு, வீட்டுக்காரர் வந்து நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. கூலியில் பிடித்தார்கள். கண்ணாடி பிம்பமாக, தலைகீழாக எழுத்தைப் படித்தே பழகிய கண்ணுக்கு, இருக்கும் புள்ளியை விட இல்லாத புள்ளி எளிதில் தப்பிவிடும்.

இனிமேல்தான் நான் உனக்கு எழுத உட்கார்ந்த காரணம் வருகிறது. அந்தக் கோலன்சோ யார் என்று தேடினேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1811இல் பிறந்த அவர், மாவோரி மொழியில் வேத நூல்களை அச்சிடுவதற்கென்று 1834 டிசம்பர் இறுதியில் நியூசிலாந்து வந்து இறங்கியவர். அதாவது, அம்மா, அவர் என் தொழில்காரர்! கையால் எழுத்துக் கோத்து, மை தடவி, அழுத்தி எடுத்த மனிதர். பைஹியா என்ற கரையில் அச்சு இயந்திரத்தை இறக்கும்போது, அதன் பளு தாங்கும் படகு இல்லாமல், மாவோரிகளின் ஓடங்கள் இரண்டைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரட்டைப் படகுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்பதை உன் பையனுக்குச் சொல்.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால், எழுத்து இருக்கிறது, எழுத்தைப் போட்டு வைக்கும் கேஸ் இல்லை; கோத்த வரிகளை அடுக்கும் கேலி என்ற தட்டு இல்லை; மை பரப்பும் மேசை இல்லை; காகிதம்கூட இல்லை. கையில் பிடித்து எழுத்தை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு முன் லண்டனில் தன் கைக்காசு போட்டு வாங்கிய ஒரு ஸ்டிக் தன் உடைமைகளில் இருந்தது பெரும் பாக்கியம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். அச்சகம் கணினிக்கு மாறியபோது பழைய இரும்பு விலைக்கு எடை போட்ட சாமான்களில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேனே, அந்த ஸ்டிக் நினைவிருக்கிறதா? சிறுவயதில் அதை நீ ரயில் என்று சொல்லித் தரையில் ஓட்டுவாய். இடது கை கட்டைவிரல் படும் இடம் மட்டும் இன்னும் பளபளப்பாக இருக்கிறது.

தச்சரை வைத்துக் கேஸ் செய்யச் சொன்ன கோலன்சோ, மாவோரி மொழிக்கு 13 எழுத்தே போதும் என்பதால் இரண்டு வகை எழுத்துருவையும் ஒரே ஜோடிக் கேஸில் அடக்கிவிட்டாராம். எனக்குப் பொறாமையாக இருந்தது. ணகர, னகர, லகரங்களுக்குத் தும்பிக்கை வைத்த ஐகாரம், ஊகாரத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வால், போதாக்குறைக்கு ஜ, ஷ, ஸ, ஹ என்று நாலு பக்கமும் கை நீட்டி முதுகு ஒடிந்தவன் நான்; 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் என்று அரசு அந்தத் தும்பிக்கையை எடுத்தபோது முதலில் கொண்டாடியவர்கள் நாங்கள்தாம். 1835 பிப்ரவரியில் அவர் அச்சிட்டு முடித்த முதல் சிறு நூலுக்கு இளஞ்சிவப்பு மையொற்றும் தாளை மேலட்டையாகப் போட்டிருக்கிறார். இருப்பதை வைத்து வேலையை முடிக்கிறவன்தான் அச்சகக்காரன்.

அப்படிப்பட்டவருக்கு அடுப்படியில் கிடந்த வெண்கலத்தில் தன் கேஸில் இல்லாத எழுத்தைப் பார்த்ததும் கை நமநமத்திருக்கும் என்பது என் ஊகம். வேறொருவர் பார்த்திருந்தால் கிழங்குப் பாத்திரம் என்று தாண்டிப் போயிருப்பார். அவருக்குப் பின் அந்த மணி உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

டெ பாப்பா என்று அதன் பெயரைச் சொன்னதும் உன் அம்மா சிரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு போய் வா. மணி காட்சியில் இல்லையென்றால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுப் பார். படம் எடுக்க விட்டால், ஒரு பக்கம் மட்டும் எடுக்காதே. எழுத்து சுற்றி ஓடுகிறது, நாலு பக்கமும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. அதற்கு முன் பையனை ஒருமுறை படிக்கச் சொல். புள்ளி இல்லை என்று அவனிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா